முகப்பேர் அம்மாவின் கடிதம்

பிள்ளைகளா,

ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதைப் பார்த்தீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு நோட்டீஸ் எழுத இவ்ளோ கேள்வியா சார்?" என்று அவர் சொன்னதும் உங்கள் காதில் விழுந்தது. பெரியவனே, நீ சிரித்தாய். "அப்பா கஸ்டமருக்கே இண்டர்வியூ வைக்கிறாரு" என்றாய். சின்னவள் சிரிக்கவில்லை. "நாம எழுதித்தான தர்றோம், விக்கிறது அவங்க. நமக்கென்னப்பா?" என்றாள்.

அந்த "நமக்கென்ன"வுக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு நேரில் சொல்ல வராது. ஆரம்பித்தால் உங்கள் அம்மா நடுவில் வந்து, "போதும், அதையே கிளறாதீங்க" என்பாள். என் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறாள். ஆனால் உங்களுக்குத் தெரியாமலே போய்விடக்கூடாது.

வந்தவர் கேட்டது பிள்ளைகளுக்கான ஞாபகசக்தி சிரப்புக்கு விளம்பரம். கூடவே, "ஒரு நாலு அம்மாங்க எழுதின மாதிரி லெட்டர் வேணும் சார்" என்றார். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் குடிக்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார். குடித்த பிள்ளை ஒன்றை நான் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அப்போதுதான் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

நான் பன்னிரண்டாவதோடு நின்றவன். அம்பத்தூரில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். நோட்டீஸ் அடிக்க வருகிறவர்கள் கையில் கடைப் பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் இருக்கும். "மத்ததை நீயே போட்டுக்கப்பா" என்பார்கள். அந்த "மத்தது"தான் பிறகு என் தொழிலாகிவிட்டது. அச்சகத்தை மூடிய பிறகு வீட்டிலேயே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பேப்பருக்குள் வைத்துப் போடுகிற பிட் நோட்டீஸ், பிளெக்ஸ், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு சொல்கிற விளம்பரம், இப்போது வாட்ஸப்பில் சுற்றுகிற பத்திகள். வானகரத்தில் டைல்ஸ் கடை, கோவில்பதாகையில் டியூஷன் சென்டர் என்று யார் கூப்பிட்டாலும் போவேன்.

எங்களைப் போல எழுதிப் பிழைப்பவர்கள் ஒன்றாக டீ குடிக்கும்போது "நல்ல பார்ட்டி" என்று ஒரு பேச்சு வரும். சொன்ன நாளில் கொடுப்பவன், பத்து தரம் மாற்றச் சொல்லாதவன், மரியாதையாகப் பேசுகிறவன். இவ்வளவுதான் அளவுகோல். நானும் அதை வைத்துத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தேன். அந்த அளவுகோலில் நான் பார்த்த எல்லாரையும் விட உயரமாக நின்றவர் பூந்தமல்லியில் இருந்த பொடிக்காரர்.

செல்போன் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். நான் உள்ளே போனதும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அதுவரை எனக்காக யாரும் எழுந்து நின்றதில்லை. "வாங்க எழுத்தாளரே" என்றார். அந்த வார்த்தையைச் சொல்லி என்னை முதன்முதலில் கூப்பிட்டவர் அவர்தான். ஒரு பொய்யை எழுத வைக்க இவ்வளவு கொஞ்சம் போதுமாக இருந்ததே என்று இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

அவர் விற்றது சர்க்கரை நோய்க்கு ஒரு மூலிகைப் பொடி. நோட்டீசில் "பயனடைந்தவர் கடிதம்" ஒன்று வேண்டும் என்றார். அச்சக நாளிலிருந்தே எனக்குப் பழகிய சங்கதி அது. முடி எண்ணெயோ, மூட்டுவலித் தைலமோ, எல்லா நோட்டீசிலும் கடைசியில் கட்டம் கட்டி ஒரு கடிதம் வரும். யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நாங்கள்தான் எழுதுவோம். ஊர் பெயர் மட்டும் மாறும். அதைப் பொய் என்றே நாங்கள் நினைத்ததில்லை. "லெட்டர் போட்டியா?" என்று, நோட்டீசைச் சுற்றி பார்டர் போட்டியா என்று கேட்கிற மாதிரி கேட்டுக்கொள்வோம்.

"ஒரே ஒரு சிக்கல் சார்" என்றார் பொடிக்காரர். "மாத்திரையை நிறுத்துங்கன்னு நேரா போட முடியாது. கேஸாயிடும். ஆனா படிக்கிறவங்களுக்கு அது புரியணும். உங்களால முடியும்."

நான் அதை ஒரு கணக்கு மாதிரி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு அம்மாவை உண்டாக்கினேன். முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள். எல்லாம் வந்துவிட்டது, வலி மட்டும் வரவில்லை. எரிச்சல், மரத்துப்போதல் என்று எழுதினால் எல்லா நோட்டீசிலும் இருப்பது போலவே இருந்தது. அப்போதுதான் பஜ்ஜிக்கடை அக்கா சொன்னது ஞாபகம் வந்தது.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டவர் அந்த அக்கா. வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. என்னைப் பார்த்தால் அக்காவுக்குக் கிண்டல்தான். "இன்னா தம்பி, எழுதி எழுதி கண்ணு ரெண்டும் உள்ள பூட்ச்சி. இந்தா, மொளகா பஜ்ஜி துன்னு. கண்ணுல தண்ணி வந்தா எல்லாம் சரியா பூடும்."

அவருக்குச் சர்க்கரை உண்டு. ஒருநாள் வெங்காயம் அரிந்துகொண்டே சொன்னார். "நேத்து இன்னா ஆச்சி தெரியுமா? மார்க்கெட்லேந்து வந்துகினு கீறேன். வாயப்பயக்காரன் பின்னாலயே கத்திகினு வர்றான், யக்கா செருப்ப உட்டுட்டு போறியேன்னு. குனிஞ்சி பாக்கறேன், ஒத்தக் கால்லதான் செருப்பு கீது. கயண்டது தெரில தம்பி. வெறுங்கால்ல அம்மாந்தூரம் வந்தது கூட தெரில." சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்தச் செருப்பை எடுத்து முகப்பேர் அம்மாவின் காலில் மாட்டினேன். பழக்காரர் கூப்பிட்டதையும் விடவில்லை. கடிதம் இப்படி முடிந்தது: "செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நடந்து வந்தவள் நான். இன்று தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறுகிறேன். மாத்திரை டப்பாவை எங்கே வைத்தேன் என்றே மறந்துவிட்டது."

கடைசி வரியைப் பாருங்கள். மாத்திரையை நிறுத்து என்று எங்கேயும் இல்லை. ஆனால் அதைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை. உங்கள் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "யாருங்க இவங்க? பாவம், இப்ப நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். யாருமில்லை, நான்தான் எழுதினேன் என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா. பொடிக்காரர் இரண்டு தரம் படித்துவிட்டு என் தோளில் கை வைத்தார்.

நோட்டீஸ் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று எல்லாப் பக்கமும் பேப்பருக்குள் போனது. நான் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

நாலு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் பஜ்ஜிக்கடைக்குப் போனபோது அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மாவு கரைத்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து வேலை செய்து நான் பார்த்ததில்லை. வலது காலை ஒரு பால் கவருக்குள் விட்டு, மேலே ரப்பர் பேண்டு போட்டிருந்தார்.

"இன்னாக்கா கால்ல?"

"ஒண்ணியும் இல்ல. கொப்புளம். எண்ணெ தெறிச்சிருக்கும், எனக்கெங்க தெரிது."

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

"அத்த உட்டு மூணு மாசம் ஆவுது. இப்ப பொடிதான். காலைல வெறும் வயித்துல."

நான் எந்தப் பொடி என்று கேட்கவில்லை. அவரே சொன்னார். "மொகப்பேர்ல ஒரு அம்மா கீது தம்பி. மூணாவது மாடி. அதுக்கும் என்னிய மாரியேதான். செருப்பு கயண்டு உயுந்தது கூட தெரிலயாம். பயக்காரன் கூப்ட்டு சொல்லிக்கீறான். என் பொண்ணு படிச்சி காட்டும்போது எனக்கு அயுகையே வந்திச்சி. நம்மள மாரி ஒருத்தி கீறா பாருன்னு. இப்ப அது தண்ணி கேன் தூக்கிகினு ஏறுதாம். மாத்திர டப்பா எங்க கீதுன்னே அதுக்குத் தெரிலயாம்."

பழைய பேப்பர் கட்டுக்குள் நோட்டீஸ் வந்திருக்கிறது. பஜ்ஜி மடிக்க எடுத்தபோது மகள் கண்ணில் பட்டிருக்கிறது.

நான் எழுதியது ஒன்று விடாமல் அவர் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் வண்டிக்குப் பின்னால் நின்று அக்காவுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன்.

"டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்று மட்டும் சொன்னேன். "காட்லாம் காட்லாம்" என்றார். பஜ்ஜியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகளா, இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். கடிதம் எழுதியதை விடப் பெரிய தப்பை நான் அதற்குப் பிறகுதான் செய்தேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்கு வேறு தெரு வழியாகப் போனேன். அதற்கு மறுநாளும் அப்படித்தான். அவர் டாக்டரிடம் போயிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்றுதான் உள்ளுக்குள் பயம். அப்படியே ஒன்பது நாள் ஓடியது.

பத்தாவது நாள் போனேன். கூட்டம் இல்லாத மத்தியான நேரம். கால் கணுக்கால் வரைக்கும் வீங்கி, நிறம் மாறியிருந்தது. ஒரு வாடையும் அடித்தது. எண்ணெய் வாடை என்று நினைத்திருக்கிறார்.

"அக்கா, அந்த முகப்பேர் அம்மா கிடையாது. அந்த லெட்டரை எழுதினது நான்."

"இன்னா தம்பி வெளாட்றியா?"

"இல்லக்கா. பொடிக்காரர் எழுதச் சொன்னார். நான் எழுதினேன்."

"போ தம்பி. அந்த வலி பொய்யா எய்த வராது. அவ அனுபவிச்சிக்கீறா."

"அது நீங்க சொன்னதுக்கா. வாழைப்பழக்காரர் கூப்பிட்டது. உங்க செருப்புதான் அது."

அவர் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எண்ணெயில் ஒரு பஜ்ஜி கருகிக்கொண்டே இருந்தது.

"மூணாவது மாடி?"

"இல்லக்கா."

"அந்த மருமவ?"

"யாருமே இல்லக்கா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கு புரியாத பிள்ளை மாதிரி பார்த்தார். "அப்ப யாரு தம்பி நல்லா ஆனது?"



மகளுக்குப் போன் செய்து வரவழைத்து, ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பாதத்தில் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் வாலிபர், நிறைய பேரைப் பார்த்துக் களைத்தவர். "பத்து நாள் முன்னாடி வந்திருந்தா ஒரு விரலோட போயிருக்கும்" என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அடுத்த கேஸ் பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொன்னார். பத்து நாள் என்று அவர் வாயில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது நாளும் நான் நடந்த அந்த வேறு தெரு இருக்கிறதே, அதில் என்னென்ன கடை, எந்த வீட்டுக் கேட்டுக்கு என்ன நிறம் என்று எல்லாம் இன்றைக்கும் எனக்கு அப்படியே தெரியும்.

வராந்தாவில் அக்காவின் மகளிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான அங்கிள் படிச்சி காட்னேன். அம்மா இன்னொரு தடவ படின்னு சொல்லுச்சி. மறுபடியும் படிச்சேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு கடிதம், அதை எழுதியவனோடு நிற்காமல் அதைப் படித்துக் காட்டியவளையும் பிடித்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பூந்தமல்லிக்குப் போனேன். பொடிக்காரர் வழக்கம் போல எழுந்து நின்றார். எல்லாம் பொறுமையாகக் கேட்டார். நோட்டீசை எடுத்து மேஜையில் விரித்து, "மாத்திரையை நிறுத்துன்னு இதுல எங்கயாவது இருக்கா, நீங்களே காட்டுங்க" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாதபடிதானே எழுதியிருந்தேன். "இனிமே அடிக்காதீங்க சார்" என்றேன். "நான் நிறுத்தினாலும் அது நிக்காது சார். வாட்ஸப்ல ஜனங்களே அனுப்பிக்கிறாங்க. நல்லா எழுதியிருக்கீங்க, அதான்" என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார். அவர் என்னை எப்படி நடத்துகிறார் என்று மட்டும் பார்த்து அவரைத் தேர்ந்தெடுத்தேன். என் எழுத்தைப் படிக்கிறவரை அவர் எப்படி நடத்துவார் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் வார்டுக்குப் போனபோது, அக்கா பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். "மொகப்பேர்ல ஒரு அம்மா கீது, மூணாவது மாடி..." என்னைப் பார்த்ததும் நிறுத்தினார். லேசாகச் சிரித்தார்.

"இல்லன்னு தெரியும் தம்பி. ஆனா நெனச்சிகினா ஒரு தெம்பா கீது."

கொண்டுபோன கொய்யாப்பழத்தை வைத்துவிட்டு வந்தேன். பிறகு அவர்கள் திருநின்றவூர் பக்கம் சொந்தக்காரர் வீட்டோடு போய்விட்டார்கள். மகளின் நம்பர் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

அதற்குப் பிறகு முகப்பேர் வழியாகப் பஸ்ஸில் போனால் என் கண் தானாக மேலே போகும். ஒவ்வொரு பிளாக்கிலும் மூன்றாவது மாடியைப் பார்ப்பேன். ஒருமுறை ஒரு அம்மா பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டு நின்றார். என் மனதில் இருந்த அதே நிறத்தில் நைட்டி. சிக்னல் விழுந்து பஸ் நகர்ந்த பிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு முறை கீழே பார்த்தார். பஸ்ஸைத்தான் பார்த்திருப்பார்.

இப்போது யார் வேலை கொண்டுவந்தாலும் நான் முதலில் கேட்பது, இதை வாங்கப் போகிறவர் யார் என்பதுதான். அவருக்கு இது நல்லதில்லை என்றால் எத்தனை நாளில் தெரியும், தெரிந்த பிறகு திரும்ப வழி உண்டா என்று பார்ப்பேன். டைல்ஸ் உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம். டியூஷன் சரியில்லையென்றால் நிறுத்திவிடலாம். உடம்பில் போகிற பொருளுக்கு நான் எழுதுவதில்லை. யாரும் எழுதாத கடிதத்தையும் எழுதுவதில்லை. இதனால் சில மாதங்கள் வேலை குறைவு என்பது உங்களுக்கும் தெரியும். பள்ளிச் சுற்றுலாவுக்கு ஒருமுறை வேண்டாம் என்றபோது சின்னவள் முகம் வாடியதை நான் கவனிக்காமல் இல்லை.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் திங்கட்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் பள்ளிக்குப் போய், உங்கள் அம்மாவும் வேலைக்குக் கிளம்பிய பிறகு, நம் குடியிருப்பு வாட்ஸப் குரூப்பில் ஒரு ஆடியோ வந்தது. யாரோ எங்கிருந்தோ வந்ததைத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அழுத்தினேன். ஒரு பெண் குரல். கொஞ்சம் வயதான, மூச்சு வாங்குகிற குரல். "செருப்பு கழன்று விழுந்தது கூடத் தெரியாமல் நடந்து வந்தவள் நான்..." நான் வெறும் முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் அவள் தொண்டை அடைத்து ஒரு நொடி நிறுத்தினாள். இத்தனை வருஷம் கழித்து அவளுக்கு ஒரு குரலும் வந்துவிட்டது. வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனாலும் அப்படித் தோன்றவில்லை.

ஆடியோவுக்குக் கீழே பி பிளாக்கிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: "எங்க அப்பாவுக்கு ஒத்துவருமா? எங்க கிடைக்கும்?"

எழுதலாம் என்றுதான் முதலில் விரல் போனது. எழுதினால் நன்றாக எழுத வேண்டும் என்று தோன்றும், திருத்துவேன், சாயங்காலமாகிவிடும். பேசி அனுப்புகிற மைக் பட்டனை அழுத்திப் பிடித்தேன். "இந்த அம்மா யாருமில்லைங்க. இதை எழுதினவன் நான்தான், ஏ பிளாக் இரண்டாவது மாடி. இதை நம்பி மாத்திரையை நிறுத்தின ஒருத்தருக்குப் பாதி பாதம் போயிடுச்சு. உங்க அப்பா மாத்திரையை விட வேணாம், டாக்டரைக் கேளுங்க" என்றேன். நடுவில் குரல் உடைந்தது. குக்கர் விசிலும் எங்கிருந்தோ உள்ளே புகுந்தது. அழித்துவிட்டு மறுபடி பேசலாமா என்று ஒரு நொடி யோசித்தேன்.

விரலை எடுத்தேன். குரூப்புக்குப் போய்விட்டது.